சுமை ஏற்றிப் பார்த்த பேட்டரி

ரேடியோ மெக்கானிக் ரம்பத்தால், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றின் தலையை அறுத்துக்கொண்டிருந்தான். ‘அசல் சரக்கு’ என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகக் கொடுத்த ஐந்தில் ஒன்று அது. மூடியைப் பெயர்த்ததும் உள்ளே நகத்தளவு இருக்க வேண்டிய சில்லு கடுகளவுதான் இருந்தது; போலி. மேலே பொறித்த எண்ணில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் அவன் பேட்டரியைப் பார்த்த லட்சணமும் இதுதான். அக்கா மூச்சு விடுவதே வீட்டில் இருக்கும் இயந்திரத்தால். கரண்ட் போனால் நாலு மணி நேரம் பேட்டரி தாங்க வேண்டும். அவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பேட்டரி. சும்மா மீட்டரை வைத்தான், பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. மின்சாரத்தை இழுக்கவிட்டு, சுமை ஏற்றிப் பார்க்கச் சோம்பல். “கல்லு மாதிரி இருக்கு அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் கரண்ட் போன இருபதாவது நிமிடம் இயந்திரம் நின்றது. உதடு நீலம் பாரித்த அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “டெர்மினல் லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்” என்று அத்தானிடம் சொல்லிச் சமாளித்தான். லூசாகத்தான் இருந்தது, கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டான்.

நாளை அக்கா வீடு திரும்புகிறாள். இனியும் தள்ளிப்போட முடியாமல், பேட்டரிக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பெட்டி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான். மிச்சமிருந்த நாலு போலிகளைப் பார்த்தான். இவற்றை மாட்டினால் ஐந்தே நிமிடத்தில் கருகிவிடும். சோதனையே நடக்கவில்லை என்று கைகழுவிவிடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. நாலையும் குப்பையில் போட்டான்.

தன் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்பிளிஃபயரைப் பிரித்து அதிலிருந்து நாலு டிரான்சிஸ்டரைக் கழற்றினான். ஒன்றே எல்லாச் சுமையையும் இழுத்துக்கொண்டு கருகாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தான். பெரிய அலுமினியத் தகட்டில் பொருத்தி, அக்கா வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பேட்டரியோடு இணைத்து, இயந்திரம் இழுக்கும் அதே எட்டு ஆம்பியரை ஏற்றினான்.

நாலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். நாலும் ஒரே சூடு. ஒன்றாவது காலை வாரிவிடாதா என்று அப்போதும் மனம் ஏங்கியது. பெட்டி அசையவில்லை, மீட்டர்தான் இறங்கியது. இருபத்திரண்டாவது நிமிடம் பேட்டரி படுத்துவிட்டது.

அத்தானுக்குப் போன் போட்டான்.

“டெர்மினல் இல்ல அத்தான், பேட்டரிதான். வேற வாங்கி நாலு மணி நேரம் ஓட்டிப் பாக்காம அக்காவை வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க.”

“இதை என்கிட்ட சொல்லாத. அவகிட்ட சொல்லு” என்று அத்தான் போனை அக்காவிடம் கொடுத்தார்.

குரலுக்கு முன்னால் அக்காவின் மூச்சுதான் கேட்டது.

“என்னடா, வரலாமா? உங்க அத்தானுக்கு இன்னும் பயம். என் தம்பி பாத்துட்டான்ல, அப்புறம் என்னன்னு நான்தான் சொன்னேன்.”

“நான் பாக்கலக்கா” என்றான்.