இரண்டு பக்கமும் வெள்ளை

எங்கள் விளையாட்டில் மருந்துப் புட்டி கிடையாது. அதை ஒழித்துக் கட்டியவள் நான்தான்.

ஆரிப் துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் பையன்களிடம் படித்துக்கொண்டு வந்த விளையாட்டு அது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவன் கொண்டுவந்த தலையணை கனமுள்ள இங்கிலீஷ் புத்தகத்தை வரிவிடாமல் படித்தேன். எரிச்சல்தான் வந்தது. வயிற்றில் வாள் இறங்கினவன் ஒரு மடக்கு மருந்தைக் குடித்துவிட்டு எழுந்து ஓடுகிறான். செத்தவனை ஒரு சாமியார் மந்திரம் போட்டு எழுப்பி உட்கார வைக்கிறார். அப்புறம் எதற்குப் பயந்து விளையாட வேண்டும்?

மாற்றி எழுதினேன். இடம் நம் தாமிரபரணிக் கரை. காலம், பாண்டியர்கள் மதுரையை விட்டுத் தென்காசிப் பக்கம் ஒதுங்கிக் கிடந்த காலம். டிராகன் இல்லை. கால்வாய்த் தண்ணீருக்கு அடிதடி உண்டு, பஞ்சம் உண்டு, வரி கேட்டு வருகிறவனின் குதிரை உண்டு. வெட்டுப்பட்டால் புண் சீழ் வைக்கும், காய்ச்சல் வரும், செத்தால் செத்ததுதான். இருபது முகப் பகடையையும் தூக்கிப் போட்டுவிட்டு ஏழு புளியங்கொட்டை வைத்தேன். ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். உருட்டினால் எத்தனை வெள்ளை மேலே விழுகிறதென்று எண்ண வேண்டும். சின்னக் காயத்துக்கு இரண்டு வெள்ளை விழுந்தால் பிழைக்கலாம், ஆழமான காயத்துக்கு நாலு.

அதில் நானே ஒரு ஓட்டையும் வைத்தேன். காயம்பட்டவள் தன் கொட்டையைத் தானே போடக் கூடாது, வைத்தியர்தான் போட வேண்டும் என்று எழுதினேன். நம் ஊரில் டாக்டர் படிப்பைவிட டாக்டரின் கைராசியைத்தானே விசாரிக்கிறோம், அந்த வாடை விளையாட்டிலும் இருக்கட்டும் என்ற நினைப்பு. எழுதி முடித்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆரிப்தான் வைத்தியர். எஸ்றா ஊர்க்காவல்காரன். கதை சொல்கிறவன் மகாராஜா. பேர்தான் மகாராஜா, பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலே இருக்கிற அறையில் பத்தமடைப் பாயை விரித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் விளையாடுவோம். நாலு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். என் பாத்திரத்தின் பெயர் அன்னத்தாய். கால்வாய் மடையைத் திறந்து மூடுகிற வேலை அவளுக்கு. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவள் கையில் இருந்ததால் அவளைக் கொல்ல ஊரில் பாதிப் பேருக்கு ஆசை.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் எனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது சிறுநீரகம் இரண்டையும் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்கிறேன். கொஞ்ச நாளைக்குத்தான், பைய சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னாள். அக்கா கலையரசி வீட்டில்தான் இருக்கிறேன். அங்கேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன்.

நோயாளியாக இருப்பதில் நோய்கூடப் பெரிய தொல்லை இல்லை. பார்க்க வருகிறவர்கள்தான். எனக்கு இளநீர் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் இளநீரோடுதான் வருவார்கள். "ஒண்ணும் ஆவாதுட்டி" என்று முதுகைத் தடவுவார்கள். தெருவில் என்னைப் பார்த்ததும் குரலை இறக்குவார்கள். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குக் கடிக்கலாம் போல இருக்கும்.

பாயில் மட்டும்தான் யாரும் குரலை இறக்கவில்லை. "உனக்கு முதுகுல ஈட்டி ஏறிட்டு. என்ன செய்யுத?" என்று மகாராஜா சாதாரணமாகக் கேட்பான். ஆரிப் தொண்டையைச் செருமி வைத்தியர் குரலில், "ஆழமான காயம். நாலு வெள்ளை வேணும், தாயி" என்பான். கொட்டை விழும். அன்னத்தாய் பிழைப்பாள். ஆடியிலிருந்து ஐந்து முறை வெட்டுப்பட்டாள், ஐந்து முறையும் எழுந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கணக்கு டீச்சராகிய நான் அதை நம்பினேன். இன்டர்நெட்டில் என் நோயைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன். இத்தனை மாதமாகியும் திரும்பாத சிறுநீரகம் பெரும்பாலும் திரும்பாது, வெகு சிலருக்கு மட்டும் திரும்பும் என்று போட்டிருந்தது. அந்த வெகு சிலரில் நான் ஒருத்தி என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்குத்தான் கொட்டை விழுகிறதே. மெஷினில் படுத்துக்கொண்டு அன்னத்தாயின் காயங்களை நினைத்துக்கொள்வேன். அவள் எழுந்தாள், நானும் எழுவேன்.

தை மாதம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு. கதையில் கால்வாய்க் கரையில் பெரிய சண்டை. முதலில் எஸ்றாவின் காவல்காரனுக்கு விலாவில் வெட்டு. ஆரிப் கொட்டை போட்டான். மூன்றுதான் வெள்ளை. ஐந்து மாதமாக எஸ்றா வளர்த்த ஆள் செத்துப் போனான். செத்தவர் டீ வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எஸ்றா முனகிக்கொண்டே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அடுத்தது அன்னத்தாய். கழுத்தோரம் அரிவாள் வெட்டு. அந்த நேரம் பார்த்து பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வந்துருதேன். அவ கொஞ்ச நேரம் ரத்தம் வடிஞ்சிட்டு இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே ஆரிப் போனான். கொட்டை போட்டு வைக்கிற பழைய மிட்டாய் டப்பா பாய்மேல் இருந்தது.

சும்மா கிடந்த கையால் டப்பாவைத் திறந்தேன். ஏழு கொட்டை இருந்தது. அடியில் கைக்குட்டைத் துணியில் முடிந்த சின்னப் பொட்டலம் ஒன்றும் இருந்தது.

"அதை எடுக்காத முத்து" என்றான் மகாராஜா.

அவன் சொன்ன வேகத்தில்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. முடிச்சை அவிழ்த்துப் பாயில் கொட்டினேன். இன்னொரு ஏழு கொட்டை. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாலு கொட்டைக்கு மறுபக்கம் கறுப்பு. மூன்றுக்கு மறுபக்கமும் வெள்ளை. பொறுமையாக, பளபளவென்று, இரண்டு பக்கமும் தேய்த்திருந்தது.

கணக்கு எனக்குத் தானாக ஓடியது. நாலு வேண்டிய இடத்தில் மூன்று எப்படிப் போட்டாலும் விழும். மிச்சம் நாலு கொட்டையில் ஒன்றே ஒன்று வெள்ளையாக விழுந்தால் போதும். விழாமல் போகப் பதினாறில் ஒரு வாய்ப்பு. டப்பாவை மடியில் மறைத்து வைத்துத்தான் ஆரிப் கொட்டையை எடுப்பான். விழுந்ததும் எண்ணிச் சொல்லிவிட்டு, யாரையும் தொடவிடாமல் ஆரிப்பே அள்ளிக்கொள்வான். வைத்தியர் வேஷத்தில் ஊறிவிட்டான் என்றல்லவா நினைத்தேன்.

"இது யாருக்குப் போடுறது?" என்று கேட்டேன். மகாராஜா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "வாயத் தொறந்து சொல்லுலே."

"உனக்குத்தான்."

"எல்லாத் தடவையுமா?"

தலையாட்டினான்.

எஸ்றா டீயோடு வந்தான். எனக்கு மட்டும் அரை கிளாஸ், அவ்வளவுதான் குடிக்கலாம். பாயில் கிடந்ததைப் பார்த்தான், மகாராஜாவைப் பார்த்தான், வாளியைக் கீழே வைத்தான். என்ன இது என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவனுக்கும் தெரியும் என்று தெரிந்துவிட்டது. தன் ஆள் ஒழுங்கான கொட்டையில் சாகும்போது எதிரே என் ஆள் கள்ளக் கொட்டையில் பிழைப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறான்! இளநீர் கொண்டு வருகிறவர்களே தேவலை. அவர்கள் கையில் இருப்பது இளநீர் என்றாவது கண்ணுக்குத் தெரியும்.

ஆரிப் முகத்தில் ஈரத்தோடு படியேறி வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அன்னத்தாய் ஆடி மாசமே செத்துருப்பா. இல்லையா ஆரிப்?" என்றேன். "ஆறு மாசமா பொணத்தையா நடத்திக் கூட்டிட்டு வாரீங்க?"

"உன் சந்தோசத்துக்குத்தான் முத்து..."

"என் சந்தோசத்துக்கா? செத்தா செத்ததுன்னு எழுதினவ நானு. எனக்குச் சாகத் தெரியாதுன்னா நினைச்ச? உலகம் பூரா எனக்குப் பொய் சொல்லுது, இங்கனதான் நெசம்னு இருந்தேன். இங்கனதாம்லே மூச்சு விட்டேன்!"

கத்தினேன். கீழே ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அழக் கூடாது என்று நினைத்தேன், அழுகையும் வந்து தொலைத்தது.

ஆரிப் பாய் ஓரத்தில் உட்கார்ந்தான். "உங்கக்கா கடைக்கு வந்து அழுதாவ. இங்கன வந்துட்டுப் போற அன்னைக்குத்தான் அவ ரெண்டு வாய் கூடச் சாப்பிடுதா, அவளத் தோக்க விட்டுராதீங்கய்யான்னு கேட்டாவ. டாக்டரு அப்படிச் சொன்னதுக்கப்புறம் நாங்க என்ன செய்ய?"

"டாக்டரு எப்படிச் சொன்னாரு?"

 எஸ்றா ஆரிப்பை முறைத்தான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான் என்பது மூன்று முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

டாக்டர் அறை எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் உள்ளே போவோம். அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க வெளிய உக்காருங்கம்மா, கூட வந்தவங்க மட்டும் இருங்க" என்பார். நான் எழுந்து வெளியே வந்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே நடக்கிறது. உடம்பு என்னுடையது, பேச்சு அக்காவோடு. ஒரு தடவைகூட எனக்கு அது உறைத்ததில்லை.

டப்பாவில் இருந்த ஒழுங்கான ஏழு கொட்டையையும் எடுத்து ஆரிப் கையில் வைத்தேன்.

"வைத்தியரே, காயம் எப்படி இருக்கு? சொல்லும்."

அவன் தொண்டையைச் செருமவில்லை. வைத்தியர் குரல் வரவில்லை. "ஆறாது முத்து" என்றான், துபாயிலிருந்து வந்த, என்னோடு கல்லூரியில் படித்த ஆரிப்பின் குரலில்.

"எப்பச் சொன்னாரு?"

"ஆடியில. உன் கையில நரம்பை இணைச்சாங்கள்லா, அப்பவே. ஊசி குத்த வசதிக்குன்னு மட்டும்தான உன்கிட்ட சொன்னாவ. காலத்துக்கும் மெஷினுன்னா அப்படித்தான் செய்வாங்களாம்."

கை என் மடியில்தான் கிடந்தது. தொட்டால் புர்ரென்று துடிக்கிற அந்த இடத்தை மெஷினில் படுத்திருக்கும்போது விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அதனிடம் சொல்லிக்கூட இருக்கிறேன்.

"இன்னும் என்ன?" என்றேன். "மிச்சத்தையும் சொல்லிரு."

"மாத்துக் கிட்னிக்குப் பதிஞ்சு வைக்கணும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாராம். அக்காவுக்குச் சுகர் இருக்கு, அவிய குடுக்க முடியாது. வரிசையிலதான் வரணும். பதியணும்னா நீ கையெழுத்துப் போடணும். கையெழுத்துக் கேட்டா உனக்குத் தெரிஞ்சிரும்லா. பொங்கல் போகட்டும், இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு அக்காதான்..."

"தள்ளிப் போட்டாளாக்கும்."

 எனக்கு முன்னால் ஆறு மாதத்து ஆட்கள் அந்த வரிசையில் ஏறி நின்றுவிட்டார்கள். இங்கே நான் பாயில் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்கு ஊட்டிய அந்த வெற்றியைத் தின்றுவிட்டுத்தான், அக்காவிடம் ஒரு கேள்வி கேட்காமல் இருந்தேன். நான் கேட்கவில்லையே என்று அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள். இவர்கள் மூன்று பேரும் அக்காவும் என்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் யாரையும் அடிக்கக்கூட முடியவில்லை.

"அன்னத்தாய்க்குப் போடட்டுமா?" என்று ஆரிப் கொட்டையை நீட்டினான். 

"அவ செத்துட்டா. விடு" என்றேன்.

  போனை எடுத்தேன். அவர்கள் மூன்று பேரும் கேட்கட்டும் என்றே அங்கே உட்கார்ந்தபடி அக்காவுக்குப் போட்டேன்.

அக்கா எடுத்ததும், "என்னட்டி, இன்னைக்கும் கெலிச்சியா?" என்றாள். அடுப்பில் எதுவோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவோம்லாக்கா. டாக்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வெளிய உக்காரு."

தாளிக்கிற சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.  நான் போனை வைக்கவில்லை.

"யாரு சொன்னா?" என்றாள் அக்கா. "ஆரிப்பா?"