ஸ்பீக்கர் வாய் மூடிய பகல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. முதுகு வலிக்கிறவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வாயை வைத்தே ஊரை விற்றுத் தின்ற ஒருவன், ஒரு பகல் பூராவும் அந்த வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. உங்களுக்கில்லாமல் யாருக்குச் சொல்லப்போகிறேன்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. கூப்பிடத்தான் ஆள் இல்லை. காதோரம் மைக்கும் இடுப்பில் சின்ன ஒலிபெருக்கியுமாக அவன் தெருவில் நடப்பதைப் பார்த்த பிள்ளைகள் 'ஸ்பீக்கர்' என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. சுற்றுலாக் கம்பெனி ஒன்றில் வழிகாட்டி வேலை. அந்தக் கம்பெனி கோட்டையையும் குளத்தையும் காட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தலைப்பு வைப்பார்கள். 'பாட்டன் வீட்டு வாசல்' என்று ஒன்று. 'மண்ணின் மூச்சு' என்று ஒன்று. மண்ணுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் வரும்.

வருகிறவர்கள் யார் என்கிறீர்கள்? தாத்தா காலத்தில் பிழைப்புத் தேடி வெளிநாடு போனவர்களின் பேரன் பேத்திகள். நம் பாஷை காதுக்குப் புரியும், வாய்க்கு ஒழுங்காக வராது. சொந்தத் தாத்தா உயிரோடு இருந்தவரை போனில் இரண்டு வார்த்தை பேச நேரம் கிடைக்காதவர்கள், அடுத்த வீட்டுத் தாத்தாவைப் பார்க்க விமானம் ஏறி வருவார்கள். வந்து, கண் கலங்கி, படம் எடுத்து, அவர் குடித்து வைத்த தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஸ்பீக்கரின் பிழைப்பே ஒன்றில்தான் இருந்தது. 'தெரியாது' என்ற சொல் அவன் வாயில் வராது. கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே ஒரு மரபை உண்டாக்கிக் கையில் கொடுத்துவிடுவான். ஒருமுறை ஒரு வீட்டுக் கூடத்தில் நிலைப்படிக்கு மேலே இருந்த வெறும் ஆணியைக் காட்டி, இது என்ன என்று ஒருத்தி கேட்டாள். "வீட்டை விட்டுப் போன பிள்ளைக்காக அடிக்கிற ஆணி. அவன் திரும்பி வர்ற வரைக்கும் அதுல எதையும் மாட்டமாட்டாங்க" என்றான். பஸ் பூராவும் மூக்கை உறிஞ்சியது. அது நாள்காட்டி மாட்டுகிற ஆணி. பழைய வீடு மாதிரி இல்லை என்று முதல் நாள் நாள்காட்டியைக் கழற்றி வைத்ததே அவன்தான்.

அந்த ஆணி இருந்த வீட்டில்தான் நம் கதை. அந்த வீட்டில் மூன்று பேர். மகன் பஸ் டிப்போவில் மெக்கானிக். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவன். அவன் மனைவி, இந்த வீட்டு மருமகள். அப்புறம் மாமனார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கம்பெனிக்குக் கூடத்தை வாடகைக்கு விடச் சம்மதித்தது மெக்கானிக். கூட்டம் வருகிற அன்று ஃப்ரிட்ஜுக்குத் திரை போடுவார்கள். டிவி கட்டிலுக்கு அடியில் போகும். பிளாஸ்டிக் நாற்காலிகள் மொட்டைமாடிக்கு ஏறும். மாமனாரை மர நாற்காலியில் உட்கார வைத்து, வேகிற வெயிலில் கம்பளிச் சால்வை போர்த்தி, நன்றாக நடக்கிற மனுஷன் கையில் ஒரு கைத்தடியையும் கொடுப்பான் ஸ்பீக்கர். "குலத்தின் கதைகளையெல்லாம் நெஞ்சில் காத்துவரும் பெரியவர்" என்பான் மைக்கில்.

பெரியவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் நிறுத்தங்கள். ஒரு நாள் முன்னோர் பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கூட்டம் பிடிவாதம் பிடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தான் ஓடிய வழித்தடத்தில் இருந்த நிறுத்தங்களை வரிசையாக ராகம் போட்டுச் சொன்னார். தண்ணித் தொட்டி, மில் கேட், பழைய ஆஸ்பத்திரி, இரட்டைப் பாலம். இவை மூதாதையரின் பட்டப்பெயர்கள் என்று விளக்கினான் ஸ்பீக்கர். கூட்டம் அதைப் பதிவு செய்துகொண்டு போயிற்று. எந்த நாட்டில் எந்த வீட்டில் இன்று அந்தப் பாட்டுக்கு யார் கண்ணீர் விடுகிறார்களோ.

சிரித்துவிட்டீர்கள். பெரியவரும் முதலில் சிரித்தார். போகப்போக அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, ஜூஸ் கொடுக்க வந்த மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் போற அன்னிக்கு அந்தக் கூட்டம் என்னைச் சுத்தி நிக்கக்கூடாது. கடைசி ட்ரிப்புல எனக்குப் பாசஞ்சர் வேணாம்மா."

"நான் பாத்துக்கறேன் மாமா" என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு நாளில் பெரியவர் போய்விட்டார்.

வெளியூரில் வேலை பார்க்கும் இளைய மகன் வந்து சேர மதியம் தாண்டும். அதுவரை உடம்பு தாங்க வேண்டுமென்று குளிர்பெட்டி வாடகைக்கு எடுத்துக் கூடத்தில் வைத்திருந்தார்கள். பெட்டி 'ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. அன்று காலை 'பாட்டன் வீட்டு வாசல்' வருகிற முறை. மெக்கானிக் விடிந்ததும் போன் பண்ணி, அப்பா தவறிவிட்டார், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தான். போனில் ஸ்பீக்கர் விம்மினான். விம்மிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றான். முகத்தை மட்டும் வழியில் மாற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அவங்ககிட்ட சொன்னேன். எல்லாரும் உடைஞ்சு போயிட்டாங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போறோம்னு கெஞ்சறாங்க. பஸ் தெருமுனையில நிக்குது."

"இல்லப்பா, அது சரியா இருக்காது" என்றான் மெக்கானிக், தலையை ஆட்டிக்கொண்டே. சரி என்று ஆட்டினானா வேண்டாம் என்று ஆட்டினானா என்று அவனுக்கே தெரியாது.

"அஞ்சு நிமிஷம். இதெல்லாம் யாருக்கு வாய்க்கும் சொல்லுங்க? மத்த நாள்ல வர்றவங்க பாக்கறது வெறும் வீடு. இன்னிக்கு..." குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணே ஒண்ணு. இந்தப் பெட்டி மட்டும் கண்ணை உறுத்துது. மேல ஒரு பாயைப் போட்டு மூடிட்டு, சத்தம் வராம ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சா ஒண்ணும் ஆயிடாது."

மருமகள் நிமிர்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ப்ளக்குல கை வச்சுப் பாருங்க" என்றாள். சத்தம் போடவில்லை. அவன் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

பக்கத்து வீட்டுத் தையல்காரி விடிகாலையிலிருந்து அங்கேதான் இருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே ஓடி வந்தவள். "பெட்டிய ஒரு மணி நேரம் நிறுத்தணுமாம்ல. உன் வாய ஒரு மணி நேரம் நிறுத்தினா என்ன ஆவும்? ஊரு இடிஞ்சு விழுமா?" என்றாள்.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தெருமுனையில் நிற்கும் பஸ்ஸுக்குப் பொறுமை ஏது. போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எல்லார் கழுத்திலும் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரித் துண்டு. முன்னால் வந்தவள் அகலத் தொப்பி வைத்திருந்தாள். சாவு வீட்டுக்குள் வரும்போதும் அதைக் கழற்றத் தோன்றவில்லை. மெக்கானிக் அப்பாவின் கால்மாட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பீக்கர் மைக்கைத் தட்டினான். சோகத்துக்கென்று தனியாக ஒரு குரல் வைத்திருந்தான், சர்க்கரைப் பாகு மாதிரி ஒட்டும். "இந்த மண்ணில் மரணம் ஒரு முடிவல்ல நண்பர்களே. இந்த வீட்டுப் பெண்ணின் சொல்லே இங்கே சட்டம். அவள் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் அழுவார்கள்."

"எப்போ ஸ்டார்ட் ஆகும்?" என்று கேட்டாள் தொப்பிக்காரி.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா. அழுகை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டாள். ஸ்பீக்கர் மருமகளைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினான், ஆரம்பிக்கலாமே என்கிற மாதிரி.

மருமகள் எழுந்தாள். பெட்டிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் எத்தனை தடவை அதே கூடத்தில் அவன் மரபு உண்டாக்குவதைப் பார்த்திருக்கிறாள்.

"இந்த வீட்டு முறை ஒண்ணு இருக்கு. இவரு சொல்ல மறந்துட்டாரு" என்றாள். "வெளி ஆளுங்கள சாவு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றவரு, பெரியவரு வாசலத் தாண்டுற வரைக்கும் வாயத் திறக்கக்கூடாது. கூட வந்தவங்க பின்கட்டுல சுவரப் பாத்து உக்காரணும். கையில ஒண்ணும் இருக்கக்கூடாது. ஃபோனெல்லாம் தகர டின்ல போட்டு மூடி வைக்கணும்."

கூட்டம் கண்ணை விரித்தது. இவ்வளவு பழைய முறையை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது, அது பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏன் சுவரைப் பார்க்கணும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன்னு கேக்கறதும் முறை இல்லைங்க" என்றாள் தையல்காரி, கண்ணீரைத் துடைக்கிற சாக்கில் வாயை மூடிக்கொண்டு.

ஸ்பீக்கர் வாயைத் திறந்தான். பாவம், என்ன சொல்வான்? அப்படி ஒரு முறையே இல்லை என்றால், பஸ்ஸில் அவன் சொல்லிக்கொண்டு வந்த ஆணி முறை எங்கிருந்து வந்தது என்பார்கள். இந்தப் பெண்ணின் சொல்லே சட்டம் என்று சற்று முன்னால் சொன்னதும் அவன் வாய்தான். "இல்ல, அது வந்து..." என்றான்.

"உஷ்" என்றாள் தொப்பிக்காரி.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

கூட்டமே திரும்பி அவனை முறைத்தது. பெரியவரின் ஆத்மாவை அவமதிக்கிற கயவனைப் பார்க்கிற பார்வை. தொப்பிக்காரி நேராக வந்து அவன் காதிலிருந்த மைக்கையும் இடுப்பிலிருந்த ஒலிபெருக்கியையும் கழற்றினாள். தையல்காரி நீட்டிய டின்னில் முதலில் விழுந்தது அதுதான். அப்புறம் போன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, ஈரம் ஊறிய சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கருக்குக் கவிழ்த்துப் போட்ட வாளி. அவன் கையை ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தான். "கையால பேசறதும் பேச்சுதாங்க" என்றாள் தையல்காரி. பக்கத்திலிருந்தவர் அவன் கையைப் பிடித்து மடியில் வைத்தார். அதற்கப்புறம் அவன் அசையவில்லை. அந்த வாய் உள்ளேயே மென்றுகொண்டிருந்தது, எதை என்று தெரியவில்லை.

கூடத்தில் இப்போது வீட்டு மனிதர்கள் மட்டும் இருந்தார்கள். மெக்கானிக் முதல் தடவையாக உட்கார்ந்து, அப்பாவின் கால் பக்கத்துப் பெட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்து, வாய்விட்டு அழுதான். டிப்போவிலிருந்து பழைய டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்தார்கள். சில்லறை இல்லை என்று சண்டைக்கு வந்தவனையே சொந்தக் காசில் டிக்கெட் போட்டு ஏற்றி விட்டவர் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார். மருமகள் பெட்டியின் தலைப்பக்கம் குனிந்தாள்.

"மாமா, எல்லாரும் பின்னாடி இருக்காங்க. யாரும் உங்களப் பாக்கல" என்றாள்.

இளைய மகன் வந்து, அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும், எடுத்தார்கள். வாசற்படியில் ஒரு கணம் எல்லாரும் தயங்கினார்கள். அவரோடு ஒரே பஸ்ஸில் காலமெல்லாம் ஓடிய கிழ டிரைவர் ஒருவர் முன்னால் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்து, சின்னக் குரலில், "ரைட், போலாம்" என்றார். போனார்கள். பாசஞ்சர் ஒருவரும் இல்லாமல், அவர் கேட்ட மாதிரியே.

அப்புறம் கூட்டத்தை எழுப்பிவிட்டார்கள். கால் மரத்துப்போய் எழுந்தவர்கள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இப்படி ஓர் அனுபவம் வாழ்க்கையில் கண்டதில்லையாம். கண்டது என்னவோ சுவரில் இருந்த பாசிதான். பஸ்ஸில் ஏறியதும் அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று ஸ்பீக்கரைக் கேட்டார்கள். அவனும் விளக்கினான். தன் கழுத்தில் விழுந்த கயிற்றுக்குத் தானே முறுக்கு ஏற்றி, எட்டுத் தலைமுறைப் பழமை கொடுத்தான். தெரியாது என்று அப்போதும் வாயில் வரவில்லை.

கம்பெனிக்குப் பாராட்டு மேல் பாராட்டு போயிற்று. வழிகாட்டி பேசாமலிருந்த அந்தப் பொழுதுதான் பயணத்திலேயே சிறந்தது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். முதலாளிக்குக் கேட்கவா வேண்டும். இப்போது 'மௌனத்தின் முற்றம்' என்று புதுத் தலைப்பு. பாதிப் பயணம் ஸ்பீக்கர் வாயைத் திறக்கக்கூடாது. ஏதோ ஒரு வாடகை வீட்டுப் பின்கட்டில், வாடகை வாளியில் உட்கார்ந்திருக்கிறான். பஸ்ஸில் ஏற இடமில்லையாம், அவ்வளவு கூட்டம்.

ஒரு தடவை அவன் மருமகளுக்குப் போன் பண்ணினான். "அக்கா, முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அந்த முறை சாவு வீட்டுக்கு மட்டும்தான்னு."

"எங்க வீட்டு முறையில உங்ககிட்ட பேசக்கூடாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்த திரையை, பெரியவரை எடுத்த அன்றைக்கே அவள் கழற்றித் துவைத்துப் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் கீழே இறங்கின. மெக்கானிக் தலையை ஆட்டினான். இந்தத் தடவை எதற்கு ஆட்டினான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நிலைப்படிக்கு மேலே அந்த ஆணியில் நாள்காட்டி திரும்பவும் ஏறியது.

நீங்களும் எழுந்து வீட்டுக்குப் போங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் சிரிக்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். அழ வேண்டி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஓர் அறையும், பக்கத்தில் உட்கார ஒரு மனுஷரும் இருக்கட்டும். உங்கள் பெரியவர்கள் கேட்டது கேட்டபடி நடக்கட்டும். உங்கள் வீட்டு ஆணிகள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கட்டும்.