பேப்பர் விரித்த சீட்டு

கார் சீட்டுக்கு உறை தைப்பதுதான் தங்கைக்குத் தொழில். அண்ணன் புதுக் கார் வாங்கிய அன்று ஆசையாக ஏறப்போனவளை, அண்ணி எல்லார் முன்னாலும் தடுத்தாள்.

"பட்டறை அழுக்கோட உட்காராதேம்மா, துணி சீட்டு. பேப்பர் விரிச்சுக்கோ."

அவள் விரித்துத்தான் உட்கார்ந்தாள். அந்தச் சரசரப்பு இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது அதே அண்ணி, துணியைக் கழற்றிவிட்டுத் தோல் உறை போடச் சொல்லி அண்ணனோடு பட்டறைக்கு வந்து நின்றாள். தங்கை ஒரு தையல்கூடப் பிசகாமல் தைத்து மாட்டினாள். கை வேலையில் பழிவாங்க அவளுக்கு மனம் வரவில்லை. வாய் இருக்கிறதே!

"அண்ணி, புதுத் தோல். உங்க புடவைச் சாயம் அதுல ஏறிடும். ஆறு மாசத்துக்குப் பேப்பர் விரிச்சுத்தான் உட்காரணும்."

அப்படி எதுவும் ஏறாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆறு மாசமா? பாக்கிறவங்க சிரிப்பாங்களேடி!"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. சீட்டு முக்கியம் இல்லையா அண்ணி?"

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு வாய் திறக்காதவன் இன்றைக்கும் திறக்கவில்லை. பேப்பரை எடுத்து மனைவியிடம் நீட்டினான். அண்ணி விரித்து உட்கார்ந்தாள். சரசரவென்றது.

"புடவை ஓரம் சீட்டுல படுது அண்ணி, இன்னும் கொஞ்சம் இழுத்து விரிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தங்கை கார்க் கதவைத் தன் கையாலேயே சாத்தினாள்.