ரெமிஜியஸின் கடைசி வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் பொய் ஒன்றிலிருந்து பிறந்தது. ஒரே ஒரு வரிப் பொய். நாற்பத்தோரு குடும்ப நாவல் எழுதியவளுக்கு ஒரு வரி பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நாவலில் சொல்லும் பொய்யை யாரும் வெண்கலத்தில் வார்ப்பதில்லை.

1997, சம்பா அறுவடை முடிந்த சமயம். என் சொந்த ஊரான நன்னிலத்திலிருந்து அமிர்தலிங்கம் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிலோ அசோகா அல்வா. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் டிராவல்ஸ் நடத்துபவர்.

“மேடம், நம்ம ஊர்க்காரரு ஒருத்தரு வெளிநாட்டுல நாட்டுக்காக உசுர விட்டிருக்காரு. செலை வைக்கிறோம், விழா மலர் போடுறோம். நீங்க ஒரு கட்டுரை எழுதணும். படிச்சா பொம்பளைங்க அழணும்.”

“யாருங்க?”

“ரெமிஜியஸ். தூதரு.”

“தூதரா? மேரி டீச்சர் வீட்டுக்காரர் கிளார்க்குதானே?”

“தூதரகத்துலதானே கிளார்க்கு? கிளார்க்குன்னு போட்டா அமைச்சர் வரமாட்டாரு மேடம்.”

அல்வாவைத் தின்றுகொண்டே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘துப்பாக்கிகள் முழங்கின. பாலைவனத்தின் செந்நிறச் சூரியன்—’

அடித்துவிட்டேன். நான் பார்த்த பாலைவனம் மே மாதத்து வெண்ணாறு மட்டும்தான்.

இரண்டாவது: ‘பாத்திமா மேரியின் கூந்தல் மல்லிகை அன்று ஏனோ வாடி—’

இதுவும் போயிற்று. மேரி எந்தக் காலத்திலும் பூ வைத்ததில்லை. பூ வாசனைக்கு அவளுக்குத் தும்மல் வரும். (என் கதாநாயகிகள் யாருக்கும் தும்மல் வந்ததில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன்.)

மூன்றாவது: ரெமிஜியஸ் நன்னிலத்துக்காரர். நம் தூதரகம் ஒன்றில் தொழிலாளர் பிரிவின் உதவியாளர். [எந்த நாடு என்று எழுதவில்லை. என் வாசகர்களில் பாதிப் பேரின் அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.] அவர் வேலை ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது. முதலாளியிடம் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவன், சம்பளம் இல்லாமல் ஓடிவந்தவன், செத்துப்போன கூட்டாளியின் உடலை ஊருக்கு அனுப்பத் தாள் கேட்டு வந்தவன், எல்லாரும் அந்த ஜன்னலில்தான் நின்றார்கள். கலவரம் மூண்ட வாரத்தில், முகாமில் மாட்டிக்கொண்ட பதினேழு பேரைக் கூட்டிவர வேனில் போனார். திரும்பும் வழியில் சுட்டார்கள். பதினேழு பேரும் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை.

எனக்கு இது போதும் என்று தோன்றியது. அமிர்தலிங்கத்துக்குத் தோன்றவில்லை.

“உப்புச்சப்பு இல்லையே மேடம். உசுரு போறப்ப ஏதாவது சொல்லியிருப்பாருல்ல?”

சொல்லியிருப்பார். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதித்தான் நான் வீடு கட்டினேன். எழுதினேன்: ‘என் உயிர் சாயலாம், என் தேசத்தின் கொடி சாயாது.’

அமிர்தலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இத செலைக்குக் கீழயே போட்டுடுவோம்.”

3

இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம். அமிர்தலிங்கத்தை வில்லனாக்கலாமா?

வில்லனுக்கு வசதியான ஆள்தான். ரெமிஜியஸின் ஜன்னலில் வந்து நின்ற நம் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் இவர் அனுப்பியவர்கள். சமையல் வேலை என்று சொல்லி அனுப்புவார். அங்கே போனால் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டச் சொல்வார்கள். ‘இந்த ஆளை நம்பி இன்னும் யாரும் வர வேண்டாம்’ என்று ரெமிஜியஸ் ஊருக்கு எழுதிய கடிதங்கள் மேரியிடம் இருக்கின்றன. அப்படிப் பார்த்தால் ரெமிஜியஸுக்கு ஓய்வில்லாமல் வேலை கொடுத்தவரே அமிர்தலிங்கம்தான். சிலை வைக்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆனால் என் தம்பியும் இவர் வழியாகத்தான் போனான். அவனுக்குச் சொன்ன வேலையே கிடைத்தது. எங்கள் வீட்டு கலர் டி.வி. அவன் அனுப்பியது. வில்லன் வேண்டாம், சிலைக்குழுத் தலைவர் என்றே இருக்கட்டும். அதுவே போதுமான தண்டனை.

குழு மூன்று முறை கூடியது. பேசிய ஒரே விஷயம் கோட்டு. கிடைத்த போட்டோவில் ரெமிஜியஸ் கோட்டு போட்டிருந்தார்.

* கோட்டு பற்றி: அது நன்னிலம் ஸ்டூடியோவின் கோட்டு. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வரும் எல்லாருக்கும் அதைத்தான் மாட்டிவிடுவார்கள். முன்பக்கம் மட்டும்தான் நன்றாக இருக்கும். எங்கள் தாலுகாவிலிருந்து கடல் கடந்த ஆயிரம் பேரும் அந்த ஒரே கோட்டில்தான் கடந்தார்கள். குழு அதைப் பார்த்துவிட்டு, “தூதருன்னா இப்படித்தான்யா இருக்கணும்” என்றது.

மேரியை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

4

மலரின் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு மேரி என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் நாவல்களை விடாமல் படிப்பவள். உட்காரவில்லை.

“அனுசுயாக்கா, நீங்க அங்க இருந்தீங்களா?”

“எங்க மேரி?”

“அவரு சாகுறப்ப.”

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“இல்ல, பக்கத்துலயே நின்னு கேட்ட மாதிரி எழுதியிருக்கீங்க. அதான் கேட்டேன். அவரு கொடியப் பத்தியெல்லாம் பேசவே மாட்டாருக்கா. குடியரசு தினத்தன்னிக்கு மிட்டாய் நல்லாருந்துச்சுன்னு எழுதுவாரு, அவ்வளவுதான்.”

“கட்டுரைன்னா கொஞ்சம் அப்படி—”

“கட்டுரைய நான் மடிச்சி வச்சிடுவேன். செலையில போடுறாங்களாமே? நாளைக்கு என் புள்ள அதப் படிச்சிட்டு, எங்கப்பா இப்படித்தான் பேசுவாருன்னு நெனைக்கும். ஜாய்ஸுக்கு நாலு வயசு. அவரு குரலே அதுக்கு ஞாபகமில்ல. நீங்க எழுதுனதுதான் நிக்கும்.”

என் எழுத்து நிற்க வேண்டும் என்று நாற்பத்தோரு நாவலாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது நிற்கப்போகிறது.

“கடைசியா உன்கிட்ட என்ன பேசுனாரு?”

“அன்னிக்குக் காலையில போன் வந்துச்சு. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுனேன். புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டாரு. நான் பதில் சொல்லி முடிக்கல. ‘ஜன்னல்ல ஆளு நிக்கிறாங்க மேரி, வச்சிடுறேன்’னாரு.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எப்பவும் அதான் சொல்லுவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அந்த ஜன்னலோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்.”

[இந்த இடத்தில் பத்து வரி வர்ணனை எழுதி, கிழித்துவிட்டேன்.]

5

சிலை சுவாமிமலையில் தயாராகிக்கொண்டிருந்தது. மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

ஸ்தபதி மருதையனின் பட்டறையில் ரெமிஜியஸ் மெழுகாக இருந்தார். மார்பளவு. பக்கத்தில் அமெரிக்காவுக்குப் போகும் நடராஜர் இரண்டு பேர். ரெமிஜியஸின் காது தோள்வரை தொங்கியது; கண் பாதி மூடித் தியானத்தில் இருந்தது.

“இது யாருங்க?” என்றாள் மேரி.

“தூதருங்கம்மா.”

“காது?”

“எங்க கைக்கு சாமி அளவுதாம்மா பழக்கம். காது தானா எறங்கிடும். தலைவரு பாத்துட்டு, தெய்வீகமா இருக்குன்னுட்டாரு.”

மெழுகை வண்டல் மண்ணால் மூடிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் வெண்கலம் போகும். மண் பூசும்வரைதான் திருத்தம். பெயர்ப்பலகையும் மெழுகில் தயாராகக் கிடந்தது. ‘தூதர்’ என்று பெரிதாக. அடியில் என் வரி. பார்க்க அழகாகவே இருந்தது, அதுதான் கேவலம்.

“எப்ப மண்ணு பூசுவீங்க?”

“மத்தியானம். பூசிட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஒரு எழுத்து மாத்த முடியாது.”

“இத மாத்தணும்,” என்றேன்.

“தலைவரு குடுத்த வாசகங்க அது. எழுதுனவங்க யாரோ, அவங்க சொன்னா சரி. எனக்கெதுக்கு வம்பு?”

“எழுதுனது நான்தான்.”

மருதையன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கனல் ஓரம் கிடந்த சின்ன இரும்புக் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். “அப்ப நீங்களே அழிங்கம்மா. நான் டீ சாப்புட்டு வரேன்.”

என் வரியை நானே சீவினேன். ‘கொடி சாயாது’ சுருள் சுருளாக வந்து மடியில் விழுந்தது. ‘தூதர்’ போனது. டீ குடித்துவிட்டு வந்த மருதையன் உட்கார்ந்து, மேரி சொல்லச் சொல்ல எழுத்துகளை ஒட்டினார்:

ரெமிஜியஸ், தூதரக உதவியாளர். ‘ஜன்னல்ல ஆளு நிக்கிறாங்க.’

காதையும் நறுக்கினார். கண்ணைத் திறந்தார். மேரி கிட்டே போய், மூக்கின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நகத்தால் மெல்ல அழுத்தினாள். கண்ணாடி போட்டுப் போட்டு விழுந்த பள்ளம்.

“கோட்டு?” என்று கேட்டார் மருதையன்.

“இருக்கட்டும். அது ஊர்க்கோட்டு,” என்றாள் மேரி.

6

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: அமைச்சர் பலகையைப் படித்து மனம் உருகுகிறார். (அமைச்சர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் இதுவும் ஒத்துவரவில்லை.)

இரண்டு: அமிர்தலிங்கம் கோபத்தில் சிலையைத் தூக்கிப்போய், தன் டிராவல்ஸ் வாசலில் விளம்பரத்துக்கு வைத்துவிடுகிறார். நடக்கக்கூடியதுதான். மேரி பயந்ததும் இதற்குத்தான். “ஊரே பாத்துட்டா தூக்க முடியாதுக்கா. பாக்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிட்டாத்தான் போச்சு” என்றாள்.

மூன்று: மேரிக்கு மறுமணம். என் பதிப்பாளர் யோசனை. அவருக்கு வணக்கம்.

மூன்றையும் விட்டுவிட்டு, விழா நாள் காலை பதினொரு மணியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நன்னிலம், பந்தல், வெயில். சிலை மஞ்சள் துணிக்குள். மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து பீடத்தில் ஏற்றியதால் அமிர்தலிங்கம் இன்னும் பலகையைப் பார்க்கவில்லை. அமைச்சர் மூன்று கல்யாணம் முடித்துவிட்டு வருகிறார்.

“மேரிம்மா, இந்தக் கயித்தப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க. அமைச்சர் வந்ததும் அவரு கையில குடுத்துடணும். இழுத்துடாதீங்க,” என்றார் அமிர்தலிங்கம். துணி ஓரம் சரியாக இல்லையென்று இழுத்துவிடக் குனிந்தார். பலகை அங்கேதான் இருக்கிறது.

மேரி என்னைப் பார்த்தாள். நான் எழுதுகிறவள், முடிவு என்னிடம் இருக்கும் என்று நினைத்தாள். நான் ஏற்கெனவே ஒருமுறை ரெமிஜியஸுக்கு முடிவு எழுதிக் கெடுத்தவள். இன்னொருமுறை மாட்டேன். வாசகரே, கயிற்றின் இந்த முனையைப் பிடியுங்கள். அமைச்சருக்காகக் காத்திருப்பதோ இழுப்பதோ, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்தவர்கள் நாற்பது ஐம்பது பேர் வந்திருக்கிறார்கள். அந்தப் பதினேழு பேரில் ஆறு பேரும் உண்டு. நாற்காலி போட்டிருக்கிறது, ஒருவரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே, மூடிக்கிடக்கும் சிலைக்கு நேரே, ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிறார்கள். முதல் ஆள் கையில் ஏதோ தாள்கூட வைத்திருக்கிறார். ஜாய்ஸ் அவர்களை எண்ணிக்கொண்டு வருகிறாள்.

சீக்கிரம். ஜன்னலில் ஆள் நிற்கிறார்கள்.