எண்ணெய் எழுந்து ஓடிய வீடு

இளைய மருமகள் டப்பாவைக் கையில் எடுத்தால் போதும், அதிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கு தானாக எழுந்து, விளிம்பேறி, தரையோடு நகர்ந்து சாக்கடைக்குள் போய்விடும். கூடவே வாடையும் போகும். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் வீடு அது. டப்பாவில் நேற்றைய வாடை அடித்தால் வாடிக்கை போய்விடும் என்பதால், தெருவில் தக்காளி விலையோடு சேர்த்து இதையும் பேசிக்கொண்டார்கள். சமையற்கட்டுச் சாவியை மாமியார் இளையவளிடமே கொடுக்கப்போகிறார் என்றும் பேச்சு அடிபட்டது.

மூத்த மருமகளுக்குப் பொறுக்கவில்லை. அவள் வந்த நாளிலிருந்து சமையல் சோடாவைக் குழைத்துப் பூசியவள், மூடியின் ரப்பர் வளையத்தை நெம்பியெடுத்து வினிகரில் ஊறப்போட்டவள், செய்தித்தாளைக் கசக்கி டப்பாவுக்குள் அடைத்து வெயிலில் காயவைத்தவள். விரல் வெடித்ததுதான் மிச்சம். நேற்று வந்தவளோ வளையல் நனையாமல் நல்ல பெயர் வாங்கினாள். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மழைக்காலத்தில் இளையவள் பிள்ளை பெறத் தாய்வீடு போனாள். தொல்லை விட்டது என்று மூத்தவள் டப்பா கழுவும் தொட்டியில் கைவைத்தாள். எண்ணெய் அசையவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாமல் பாதி வாடிக்கை கழன்றுகொண்டது. சாவி இளையவளுக்குத்தான் என்று, மூத்தவள் இல்லாத நேரம் பார்த்து, மாமியார் தெருவில் வாய்விட்டே சொல்லிவிட்டார். பிறகு ஒரு காலையில் போன் வந்தது. பெண் குழந்தையாம், தங்க நிறமாம். பிள்ளையில்லாத மூத்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நொடியே கையிலிருந்த டப்பாவின் எண்ணெய் எழுந்து ஓடியது, அடுக்கில் இருந்ததெல்லாம் அதன் பின்னால் ஓடியது.

வாசற்படியில் நின்ற மாமியார் ஓடும் எண்ணெயையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா ஓட்டினது உன் பொறாமைதானா?" என்றவர், சாவியை அவள் கையில் வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போனார்.

இளையவள் குழந்தையோடு திரும்பி வந்து, விஷயம் தெரிந்ததும் முகம் சுளிக்கவில்லை. தொழில் நடக்க வேண்டுமே. தினமும் தொட்டியோரம் உட்கார்ந்து, புருஷன் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் கொஞ்சம் கூட்டியே சொல்வாள். எண்ணெய் ஓடும். ஆனால் குழந்தை மூத்தவள் இடுப்பைவிட்டு இறங்க மறுத்தது. அவளுக்கும் அதைக் கொஞ்சவே நேரம் சரியாக இருந்தது. இளையவளின் பெருமையெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. டப்பாக்களில் மறுபடி பிசுக்கு படிந்தது.

"அக்கா, கொஞ்சம் மனசு வச்சு வயிறெரியேன்," என்று இளையவள் கெஞ்சினாள்.

"வர மாட்டேங்குதேடி," என்றாள் மூத்தவள்.

அப்போதுதான் குழந்தை முதன்முதலாக வாய் திறந்து, மூத்தவளின் கன்னத்தைப் பிடித்து, "அம்மா" என்றது.

தொட்டியில் கிடந்த டப்பாக்களிலிருந்து எண்ணெய் எழுந்து, இளையவளின் காலைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. மாமியார் வந்து ஒரு டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, சோறு ஆறுகிறது, சீக்கிரம் கட்டுங்கள் என்றார்.