பொய் வானத்தில் இரண்டு மேடுகள்

நாத்தனாரும் அண்ணியும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தால் குடுமிப்பிடிச் சண்டைதான் என்று ஊர் நினைக்கும். அப்படியொன்றும் இல்லை. ஆனால் நாத்தனாரின் வாய் மட்டும் சும்மா இருக்காது. அண்ணிக்கு அவள் வைத்த பட்டப்பெயர் ஆமை. அண்ணியின் கணக்கு அவ்வளவு மெதுவாம்!

பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது, அதில் பொருள் எவ்வளவு என்பதையெல்லாம் நேரே அளக்க யாரால் முடியும்? கணினியில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, வானத்தோடு எது பொருந்துகிறது என்று தேட வேண்டும். நன்றாகப் பொருந்தும் இடத்துக்கு இவர்கள் பாஷையில் மேடு என்று பெயர். நாத்தனாரின் முறையில் நடையர்கள் என்று எட்டுத் தேடும் புள்ளிகள் உண்டு; அவர்கள் அடி அடியாக எண்களை மாற்றிக்கொண்டே கிளம்பி, மேட்டை மோப்பம் பிடித்து ஏறிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அண்ணியோ சாத்தியமான எண்களின் மைதானம் முழுக்கப் புள்ளிகளைத் தூவி, இருப்பதிலேயே மட்டமானதைத் தூக்கி எறிந்து, அதைவிட நல்லதாக ஒன்றை வைத்து, மறுபடி எறிந்து... இரண்டு நாள் பிடிக்கும்.

இரண்டில் எது நிஜ வானத்துக்கு என்று அன்று மூன்று மணிக்கு முடிவாகும். குழுத் தலைவி தானே எண்களைப் போட்டுக் கணினியில் ஒரு பொய் வானத்தைத் தயாரித்துக் கொடுத்து, அந்த எண்களை, அதாவது விடையை, தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். தோற்ற முறைக்குக் கணினியில் இடம் கிடையாது. பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த முறையாயிற்றே, அண்ணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"பாத்தீங்களா அண்ணி? ஊசி மாதிரி ஒரே மேடு. எட்டு பேரும் ஒத்துப்போறாங்க. போன வருஷம் நிஜ வானத்துக்கு வந்த விடையேதான்!" என்று நாத்தனார் படத்தை நீட்டினாள்.

அண்ணியின் படத்தில் இரண்டு மேடுகள். போன வருட விடை இருந்த இடத்தில் சின்னதாக ஒன்று, தள்ளிப் பெரிதாக இன்னொன்று.

"ஆமைக்குக் கண்ணும் மங்கிடுச்சா? ஒண்ணு ரெண்டா தெரியுது!"

அண்ணி கணினிப் பக்கம் திரும்பினாள். தன் கணக்கை வரிக்கு வரி பார்த்தாள், பிழையில்லை. பிறகு நாத்தனாருடையதைத் திறந்தாள். அடிப்பாவி! எட்டு நடையர்களையும் போன வருட விடையிலேயே இறக்கிவிட்டிருக்கிறாள். பின்னே ஒத்துப்போகாமல் என்ன செய்வார்கள்? வீடு முழுக்க இருக்க, மூக்குக்கண்ணாடியை மேஜையில் மட்டும் தேடும் அவள் அண்ணனின் புத்தி அப்படியே வந்திருக்கிறது.

பேசாமல் இருந்தால் போதும், மூன்று மணிக்கு அவளே மூக்குடைபடுவாள். ஒரு நிமிடம், ஏன் மறைக்க வேண்டும், பல நிமிடங்கள் அந்த நினைப்பு அண்ணிக்கு இனிக்கத்தான் செய்தது. ஆனால் இப்படி ஜெயித்துவிட்டு வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டுமே.

"இங்க வாடி. உன் ஆளுங்களைத் தூரத் தூரமா எறக்கிவிட்டுப் பாரு."

நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஐயோ, பழைய ஃபைலை அப்படியே போட்டுட்டேன்!"

மறுபடி ஓட்டினாள். நாலு பேர் இந்த மேட்டில், நாலு பேர் அந்த மேட்டில். ஏறினவர்கள் இறங்கி மறுமேட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம். எது பெரிய மேடு என்று அவளால் சொல்லவே முடியவில்லை.

மூன்று மணிக்குத் தலைவி விடையைத் திறக்கப் போனார். நாத்தனார் சட்டென்று எழுந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம். காலைல நான் போட்ட கணக்கு தப்பு. அண்ணி சொல்லித்தான் தெரிஞ்சுது. எது பெரிய மேடுன்னு அவங்க கணக்குதான் சொல்லுது. கணினியில இடத்தை அவங்களுக்கே குடுங்க."

தலைவி திறந்தார். விடை அந்தப் பெரிய மேட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அப்ப இதான் முடிவு. முறைக்கு என்ன பேர் போடலாம்?" என்றார் தலைவி.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் கணினியில் தட்டிவிட்டாள்: ஆமை.

அதை அழிக்க அண்ணிக்கு மனம் வரவில்லை.