ஜொனாலின் கொடுத்த பை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஜனவரி மாதம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் மிதந்துகொண்டிருந்தது. முழுக்க பிளாஸ்டிக் பாட்டிலால் கட்டிய மரம். நடுவில் 'பூமித்தாயைக் காப்போம்' என்று ஓர் அட்டை, பாதி ஊறிப்போய். மாவட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய மரம் அது. (பரிசு உயரத்துக்குத்தான். அளந்து பார்த்துக் கொடுப்பார்கள்.) பரிசு வந்தாயிற்று, வேலை முடிந்தது, ஓடையில் தள்ளியாயிற்று.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

'இலோய்லோ நகரின் அழகிய காலைப் பொழுதொன்றில், பிஞ்சு உள்ளங்களில் பசுமையின் விதையைத் தூவிட

வேண்டாம். விதையாவது, உள்ளமாவது. இது பள்ளி ஆண்டு மலரில் தலைமை ஆசிரியை எழுதுகிற வரி. செல்லங்களா, உங்களுக்கு அதையெல்லாம் கொடுக்க எனக்கு மனசு வராது. வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன்.

2

கதைக்கு ஓர் ஆசிரியை வேண்டும். ஃபிலோமினா. மூன்றாம் வகுப்பு, இருபத்தாறு வருஷ சர்வீஸ். முதல் வரைவில் அவளை அடிமுட்டாளாக எழுதியிருந்தேன். திட்டுவதற்கு வசதியாக இருந்தது. [அடித்துவிட்டேன்.] அவள் முட்டாள் இல்லை. அவளுடைய பதவி உயர்வுக் காகிதம் கல்வி அதிகாரியின் மேஜையில் மூன்று வருஷமாகத் தூங்குகிறது. அது கண் விழிக்கிறவரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தவள். அவ்வளவுதான்.

எங்கள் இலோய்லோவில் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் களைகட்டிவிடும். தலைமை ஆசிரியை ஒஃபேலியா கூட்டம் போட்டாள். பிள்ளைகளுக்கு மறுசுழற்சி கற்றுத்தர வேண்டும், ஆகவே பாட்டில் மரம். தலைக்குப் பத்துக் காலி பாட்டில், வெள்ளிக்கிழமைக்குள். கொண்டுவராத பிள்ளைக்கு மார்க் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பத்துக் காலி பாட்டிலுக்கு ஒரு தாய் எங்கே போவாள்? பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில், கடைக்கார அக்காவோடு ('மனாங்' என்றால் அக்கா) ஒரு தாய் பேசிய பேச்சு இது:

"மனாங், அந்த ஆரஞ்சு கலர்ல பத்து குடுங்க."

"பத்தா? வீட்ல விருந்தா?"

"விருந்துமில்ல, ஒண்ணுமில்ல. ஸ்கூல்ல காலி பாட்டில் கேக்கறாங்க. ஒரு வாளி இருந்தா குடுங்க, இங்கயே கொட்டிட்டுப் போயிடறேன்."

"வாளியெல்லாம் கெடையாது. உனக்கு முன்னாடி மூணு பேரு சாக்கடையில ஊத்திட்டுப் போயாச்சு. எறும்பெல்லாம் வயிறு வீங்கிக் கெடக்குது."

"பூமியக் காப்பாத்தறோம் மனாங். பேசாம ஊத்த விடுங்க."

[அந்தத் தெருவிலேயே ஜொயல் என்று ஒருவன் பத்து வருஷமாகத் தள்ளுவண்டியில் காலி பாட்டிலும் பழைய பேப்பரும் எடுத்துப் பிழைக்கிறான். அவன் கண்ணில் பட்ட பாட்டில் ஓடைக்குப் போகாது. அவனை வகுப்புக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்லலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் கால் செருப்பு வகுப்பறைக்கு ஏற்றதாக இல்லை போலிருக்கிறது.]

3

திட்டத்தின் இரண்டாம் பாகம், பழைய பொருள்களைத் தானம் செய்வது. இதற்கு ஃபிலோமினா உண்மையிலேயே நன்றாகப் பாடம் எடுத்தாள். நான் குறை சொல்லமாட்டேன்.

"பழசக் குடுக்கறதுன்னா குப்பையக் குடுக்கறது இல்ல. குடுத்த பெறகு, 'அடடா, நம்மகிட்டயே இருந்திருக்கலாமே'ன்னு தோணணும். அதுதான் குடுக்கறது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேம்."

முப்பத்தெட்டுத் தொண்டை. புரிந்தது ஒன்றுக்கு மட்டும்.

திங்கட்கிழமை மேஜையில் வந்து சேர்ந்தவை: இடது கால் செருப்புகள், ஐந்து. இறக்கை இல்லாத மின்விசிறி. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பனிக்கோட்டு. (இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டால் ஆள் வெந்துவிடுவான்.) ரமில் என்ற பையன் கைக்குட்டையில் சுற்றி ஒரு பல்செட்டைக் கொண்டுவந்தான்.

"யாரோடது இது?"

"தாத்தாவோடது மேம். அவரு செத்துட்டாரு. நல்ல பல்லு."

கடைசியாக ஜொனாலின் வந்தாள். ஜொயலின் மகள். அப்பன் பெயர் ஜொயல், அம்மா பெயர் அனலின், இரண்டிலும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து ஒட்டிய பெயர். அந்த வீட்டில் எதுவும் வீணாவதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து, நீலப் புத்தகப் பையிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். உள்ளே கையை விட்டுத் துடைத்தாள். ஜிப்பை இழுத்து மூடி, மேஜையில் வைத்தாள்.

"நேனே," என்றாள் ஃபிலோமினா. (சின்னப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.) "இது நீ தெனமும் கொண்டுவர்ற பைதானே?"

"ஆமா மேம்."

"அப்ப புஸ்தகம்?"

"அப்பா வண்டில அரிசிச் சாக்கு இருக்கு. அதுல கொண்டுவருவேன்."

"வீட்ல கேட்டியா?"

"கேட்டேன். 'மேம் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு அப்பா சொன்னாரு." பையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எனக்கு இப்பவே, நம்மகிட்டயே இருந்திருக்கலாமேன்னு தோணுது மேம். அப்ப சரிதானே?"

4

இந்த இடத்தில் கதை நின்றிருக்கலாம். நான் நிறுத்திக்கூடப் பார்த்தேன்.

'ஃபிலோமினாவின் கண்கள் பனித்தன. அந்தப் பிஞ்சுக் கரங்களைப் பற்றிக்கொண்டு, பையை அவளிடமே

பொய். அவள் அப்படிச் செய்யவில்லை. வியாழக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார். மேஜையில் செருப்பும் பல்லும் இருக்கிறது. பார்க்கிறமாதிரி இருப்பது ஒரே ஒரு பொருள். ஃபிலோமினா அதற்குச் சிவப்புக் காகித ரிப்பன் கட்டி முன்வரிசையில் வைத்தாள்.*

* வியாழக்கிழமை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதை இங்கே அடிக்குறிப்பாகப் போடுகிறேன். கதைக்குள் போட்டால் நீங்கள் அவளை மன்னித்துவிடுவீர்கள். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

அடுத்த மூன்று நாளும் ஜொனாலின் அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு நாள் மழை. கணக்குப் புத்தகம் நனைந்தது. ஃபிலோமினா பார்த்தாள்.

5

வியாழக்கிழமை. வாசல் கதவைவிடப் பெரிய பேனர். விருந்தினருக்கு முழுப் பன்றி வாட்டியிருந்தார்கள். பரிமாறியது தெர்மாகோல் தட்டில். குப்பையைக் குறைப்பது பற்றி அதிகாரி நாற்பது நிமிஷம் பேசினார். நடுவில் மூன்று பாட்டில் தண்ணீரைத் திறந்து, மூன்றையும் பாதியில் வைத்தார்.

பிறகு முன்வரிசையில் ஒரு பிள்ளை மடியில் சாக்கு வைத்திருப்பதைக் கண்டார். தலைமை ஆசிரியையின் காதில் ஏதோ கேட்டார். ஒஃபேலியா தலையாட்டினாள். எந்தப் பை யாருடையது என்று அவளுக்கென்ன தெரியும்? அவள் வகுப்புக்குள் வந்தே வருஷமாகிறது.

"இதோ பாருங்க," என்றார் அதிகாரி மைக்கில். "இந்தக் கொழந்தைக்குப் புஸ்தகம் வைக்க ஒரு பை இல்ல. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்காகத்தான் இந்தத் திட்டமே. வாம்மா, மேல வா."

மேஜையிலிருந்து நீலப் பையை எடுத்தார்.

பின்வரிசையில் பல்செட்டுக்கார ரமில் பக்கத்துப் பையனிடம், "அது அவ பைதான்டா," என்றான்.

"உஷ்," என்றாள் ஒஃபேலியா.

போட்டோக்காரர் முட்டி போட்டார். அதிகாரி பையை நீட்டினார். ஜொனாலின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கூச்சப்படுது," என்று சிரித்தார் அதிகாரி. "என்ன சொல்லணும் பாப்பா? நன்றி சொல்லணும், இல்லையா?" மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், நாற்காலியில் இருந்த தன் டீச்சரைப் பார்த்தாள்.

"மேம், நான் குடுத்தத நானே வாங்கிக்கலாமா? வாங்கிட்டா, நான் குடுத்ததா ஆகுமா, ஆகாதா?"

ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. கேள்வி வாசல்வரை போனது.

"என்ன கேக்குது பிள்ள?" என்றார் அதிகாரி. "டீச்சர், நீங்களே சொல்லுங்க." மைக் ஃபிலோமினாவின் பக்கம் திரும்பியது.

6

முடிவுகள்.

ஒன்று: ஃபிலோமினா எழுந்து உண்மையைச் சொல்கிறாள். கைதட்டல். அதிகாரி வெட்கித் தலைகுனிகிறார். அடுத்த வாரம் பதவி உயர்வு வீடு தேடி வருகிறது. இப்படி எழுதுகிற கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் படுக்கப்போட வேண்டும்.

இரண்டு: "வாங்கிக்க நேனே, சார் அன்பா குடுக்கறாரு." ஜொனாலின் வாங்கிக்கொள்கிறாள். நன்றி சொல்கிறாள். படம் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் தொங்குகிறது. இதை ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஒரு இடத்தில்கூடப் பேனா தடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று: ஜொனாலின் மேடையிலிருந்து இறங்கி, சாக்கோடு வீட்டுக்குப் போய், அப்பாவிடம் இனிமேல்

இல்லை. அந்த வீட்டை இதற்குள் இழுக்கமாட்டேன்.

ஃபிலோமினா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லமாட்டேன். சொன்னால், ஒன்று அவளை மெச்சுவீர்கள், அல்லது 'சே, இப்படியும் ஒரு டீச்சரா' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவீர்கள். அதற்காகவா இவ்வளவு தூரம் எழுதினேன்?

அவள் எழுந்திருக்கட்டும். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், செல்லங்களா. உங்கள் காகிதத்தைத் தன் மேஜையில் தூங்கவைத்திருக்கிற அதிகாரி மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் உங்களையே பார்க்கிறார்கள். வருஷம் முழுக்க எந்தப் பாடத்துக்கும் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருக்கிறாள், கைகள் இன்னும் பின்னால்தான்.

கேட்டது அவள். அதிகாரியைப் பார்க்காமல், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.